முளைப்பாரிக்கு ஒன்பது டியூப் லைட்

தென்காசி வட்டாரத்திலேயே மின்சார வெளிச்சத்தில் முதன்முதலாகப் பயிர் வளர்த்தவன் நான்தான். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். ஆனால் சொல்லும்போது என் வீட்டு ஆட்கள் யாரும் பக்கத்தில் இருந்துவிடக் கூடாது. இருந்தால், “பயிரு எவ்வளவு உயரம் வளந்துச்சுன்னும் சேத்துச் சொல்லுங்களேன்” என்று ஆரம்பித்துவிடுவார்கள். (சொல்லத்தானே போகிறேன், அதற்குள் என்ன அவசரம்.)

எழுபதுகளின் பின்பாதி அது. எனக்கு இருபத்திரண்டு வயது. அப்பா தென்காசியில் மைக்செட் கடை வைத்திருந்தார். கல்யாணம், கோயில் கொடை, கட்சிக் கூட்டம் எதுவாக இருந்தாலும் குழாய் ஒலிபெருக்கியும் டியூப் லைட்டும் எங்கள் கடையிலிருந்துதான் போகும். நான் ஐ.டி.ஐ. முடித்து வயர்மேன் சர்டிஃபிகேட் வாங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்த வயதில் அந்தச் சர்டிஃபிகேட் கையில் இருந்தால் உலகத்தில் உள்ள எல்லாக் கோளாறும் வயரிங் கோளாறாகத்தான் தெரியும். பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதால்கூட எங்கேயோ எர்த் ஆகிறது என்று நினைக்கிற நிலைமையில் இருந்தேன்.

அந்த வருஷம் ஆடி மாதம் அம்மாவுக்கு ஒரு பெரிய பொறுப்பு வந்தது. எங்கள் தெரு அம்மன் கோயிலுக்கு வருஷா வருஷம் முளைப்பாரி எடுப்பார்கள். காப்பு கட்டிய அன்றே தெருப் பெண்கள் ஆளுக்கொரு சட்டியில் மண்ணும் ஆட்டு எருவும் நிரப்பி, தட்டப்பயறு, மொச்சை, சிறுபயறு எல்லாம் விதைத்து, ஒரே வீட்டில் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். அந்த வீட்டு அம்மாள் பத்து நாள் ஒருவேளைச் சாப்பாட்டோடு விரதம் இருந்து, தண்ணீர் தெளித்து அதை வளர்க்க வேண்டும். பத்தாம் நாள் கதவைத் திறந்தால் சட்டி சட்டியாக முளைகள் பொன் நிறத்தில் ஒரு முழ உயரத்துக்கு நிற்க வேண்டும். உயரமாக நின்றால் தெருவுக்கே நல்ல காலம் என்று அர்த்தம். உயரம் குறைந்தால் என்ன அர்த்தம் என்று யாரும் சொன்னதில்லை. ஏனென்றால் அதுவரை குறைந்ததே இல்லை.

இருபது வருஷமாக அந்தப் பொறுப்பைப் பார்த்தவர் கோமதி ஆச்சி. முட்டுவலி வந்து அவரால் குனிந்து நிமிர முடியாமல் போனதால், அந்த வருஷம் எங்கள் அம்மாவிடம் கொடுத்தார். அம்மாவுக்கு அது எத்தனையோ வருஷத்து ஆசை. ஆச்சி எதையும் லேசில் விட்டுக்கொடுக்கிற ஆள் கிடையாது. எங்கள் வீட்டுப் பின்னறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கோயிலில் பூசை செய்து கொடுத்த பூட்டையும் சாவியையும் அம்மா கையில் வைத்தார்.

“ஏ வடிவு, கதவை மூடியே வையி. ஒரு கண்ணு படக் கூடாது. ஆம்பளை காலடி உள்ள படவே கூடாது. இந்த ஒரு வருசம் ஒழுங்கா வளத்துக் காட்டு, சாவி ஒங்கிட்டயே இருக்கட்டும். இல்லைன்னா வேற ஆளு பாத்துக்கிடுதேன்.”

கதவை மூடச் சொன்னாரே தவிர, எதற்காக மூட வேண்டும் என்று ஆச்சி சொல்லவில்லை. கண்ணேறு படாமல் இருக்கத்தான் என்று அம்மா எடுத்துக்கொண்டாள். தெருவில் எல்லாரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். எனக்கு அதுவும் தெரியாது. ஆம்பளை என்பதால் பிறந்ததிலிருந்து அந்த விஷயத்தில் என்னை வாசலுக்கு வெளியேதான் நிறுத்தியிருந்தார்கள்.

அந்த ஆடியில் குற்றாலத்தில் சீசன் வெளுத்து வாங்கியது. அருவியில் குளிப்பதற்கு வந்தவர்களுக்குக் கொண்டாட்டம். எங்கள் ஊரில் சூரியனையே பார்க்கவில்லை. ஓயாத சாரல், மலைப்பக்கத்துக் காற்று, துவைத்துப் போட்ட வேட்டி மூன்று நாளாகியும் ஈரம். காப்பு கட்டிய மூன்றாம் நாள் காலையில் அம்மா பின்னறையிலிருந்து முகம் செத்துப்போய் வெளியே வந்தாள்.

“ஒண்ணும் மொளைக்கலைலே. மண்ணு ஐஸு கணக்கா சில்லுன்னு கிடக்கு. எல்லாரு சட்டியும் அப்படியே இருக்கு. நான் என்ன செய்வேன்?”

அப்பா இருந்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். அவர் வாசுதேவநல்லூரில் ஒரு கோயிலின் பத்து நாள் கொடைக்குப் பாதிக் கடையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார். மீதிப் பாதிக்கு நான்தான் ராஜா.

“எம்மா, கோழிக்குஞ்சு பொரிக்கதுக்கே பல்பு போடுதாங்க. பயறு முளைக்காதா?” என்றேன்.

இது நானாகக் கண்டுபிடித்தது என்று அம்மா நினைத்தாள். (நானும் அப்படித்தான் நினைக்கவிட்டேன்.) உண்மையில் நூலகத்தில் ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில் படம் பார்த்திருந்தேன். வெள்ளைக்காரர் ஒருவர் நிலவறைக்குள் வரிசையாக டியூப் லைட் தொங்கவிட்டு அதன் கீழே கீரை வளர்க்கிறார். கீழே ஒரு அட்டவணை. இவ்வளவு இடத்துக்கு இத்தனை விளக்கு, இவ்வளவு செடிக்கு இத்தனை விளக்கு என்று போட்டிருந்தது. எனக்குப் புரிந்தவரை படித்தேன். எந்தெந்தச் செடிக்கு வெளிச்சம் வேண்டும், எதற்கு வேண்டாம் என்கிற விவரம் அடுத்த பக்கத்தில் தொடரும் என்று இருந்தது. அடுத்த பக்கத்தை யாரோ ஏற்கெனவே கிழித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

“பல்பு போடணும்னா நீ உள்ள வரணுமே. ஆம்பளை காலடி படக் கூடாதுன்னு ஆச்சி சொல்லிருக்காகளே.”

“காலடிதான படக் கூடாது? நான் மேல வழியா இறக்குதேன்.”

“கண்ணு?”

“கண்ணை மூடிக்கிடுதேன். பல்புக்கு ஏதும்மா கண்ணு?”

அம்மா ஒரு நிமிஷம் யோசித்தாள். சாஸ்திரத்தில் எங்கேயும் ஓட்டை தெரியவில்லை. சம்மதித்துவிட்டாள்.

எங்கள் வீடு ஓட்டு வீடு. ஏணியைச் சாத்தி, சாரலில் நனைந்துகொண்டே மேலே ஏறி, பின்னறைக்கு நேர் மேலே ஆறு ஓடுகளைப் பிரித்தேன். தலைக்கு மேல் தார்ப்பாயைக் கூடாரமாகக் கட்டினேன். பிறகு கணக்குப் போட்டேன். வெள்ளைக்காரர் கணக்கு சதுர மீட்டரில் இருந்ததால் மறந்துபோயிற்று. அதனாலென்ன, எங்கள் தொழிலில் கணக்கு இல்லையா? கல்யாணப் பந்தலுக்குப் பத்தடிக்கு ஒரு டியூப் லைட் என்பது அப்பா போட்ட விதி. அறை பன்னிரண்டடிக்குப் பத்தடி. மனசு தாராளமாக இரண்டு டியூப் லைட் இறக்கினேன், சூட்டுக்காக ஒரு நூறு வாட்ஸ் பல்பும் சேர்த்து. கண்ணை இறுக மூடிக்கொண்டு கயிற்றை விட்டேன்.

“எம்மா, எங்கன இருக்கு?”

“கிழக்க தள்ளுலே. இன்னும். ஏ, நிப்பாட்டு, சட்டியில இடிக்கப் போவுது!”

ஐந்தாம் நாள் காலையில் அம்மா ஓடிவந்து என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். அத்தனை சட்டியும் முளைத்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் எனக்கு அன்று இரண்டு தோசை கூடுதல். விரதத்தில் இருந்த அம்மா தான் சாப்பிடாமல் எனக்கு நெய் விட்டுச் சுட்டுக் கொடுத்தாள். அன்றைக்கு மட்டும் யாராவது என்னை வெளிநாட்டுக்குக் கூப்பிட்டிருந்தால், எனக்கு நேரமில்லை என்று சொல்லியிருப்பேன்.

ஆறாம் நாள் அம்மாவின் குரல் மாறியது.

“பச்சைப் பசேல்னுதாம்லே இருக்கு. ஆனா உசரமே வரமாட்டேங்கு. ரெண்டு விரக்கடைதான் இருக்கு. ஆச்சி வளத்தா இந்நேரம் சாண் உசரம் வந்திருக்கும்.”

இங்கேதான் ஒரு நிபுணனின் அறிவு வேலை செய்தது. பயிர் வளரவில்லையென்றால் வெளிச்சம் போதவில்லை. இடத்துக்குக் கணக்குப் போட்டேனே தவிர சட்டிக்குப் போடவில்லை என்பது எனக்கு உறைத்தது. பந்தலுக்கு ஒரு கணக்கு, பந்திக்கு ஒரு கணக்கு. பெரிய வீட்டுக் கல்யாணம் என்றால் மூன்று இலைக்கு ஒரு டியூப் லைட் போடுவோம். உள்ளே இருந்தது இருபத்தொரு சட்டி. ஆக ஏழு டியூப் லைட். கடைக்கு ஓடிப்போய் ஐந்தைத் தூக்கிவந்து, இன்னும் எட்டு ஓடுகளைப் பிரித்து இறக்கினேன்.

அன்று சாயங்காலம் வழக்கம்போலக் கும்மியடிக்க வந்த பெண்கள், பின்னறைக் கதவிடுக்கில் பளீரென்று வெள்ளை வெளிச்சம் வழிவதைப் பார்த்துத் திகைத்துப்போனார்கள். யாரோ ஒருத்தி, “அம்மன் எறங்கிட்டாட்டி!” என்றாள். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். காய்கறி விற்கிற பேச்சியம்மாக்கா தரையில் விழுந்தே கும்பிட்டாள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் மோட்டுவளையைப் பார்த்தேன்.

எட்டாம் நாள். “மூணு விரக்கடை” என்றாள் அம்மா. “நாளன்னைக்குக் கதவைத் தொறக்கணும்லே. எல்லாவளும் வந்து நிப்பாளுவளே. அம்மனே எறங்கிட்டான்னு வேற சொல்லிட்டுத் திரியுதாளுவ.”

சட்டிக்குக் கணக்குப் போட்டாயிற்று. முளைக்குப் போடவில்லையே! ஒரு சட்டிக்கு நாற்பது முளை என்று வைத்தாலும் எண்ணூற்று நாற்பது. மூன்றுக்கு ஒன்று என்றால் இருநூற்றெண்பது டியூப் லைட். தென்காசியில் இருக்கிற அத்தனையையும் கழற்றினாலும் அவ்வளவு தேறாது. கடையில் மிச்சம் இருந்தது இரண்டே இரண்டு. அதோடு நாடக மேடைக்குப் போடுகிற ஐந்நூறு வாட்ஸ் ஃபோகஸ் லைட் ஒரு ஜோடி கிடந்தது. எல்லாவற்றையும் இறக்கினேன். ஸ்விட்சைப் போட்டதும் தெருவில் மற்ற வீட்டு விளக்குகளெல்லாம் ஒருமுறை மங்கி, யோசித்து, பிறகு மங்கலாகவே எரிந்தன. எங்கள் வீட்டுக் கூரை மட்டும் ஜெகஜ்ஜோதி. போகிற வருகிறவர்கள், “ஒங்க வீட்டுல என்ன விசேசம்?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

பத்தாம் நாள் காலை. தெருப் பெண்கள் குளித்து, ஈரத்தலையோடு முற்றம் கொள்ளாமல் நின்றார்கள். முன்னால் கோமதி ஆச்சி, கையில் ஊன்றுகோல். நான் தெருவாசலில் மற்ற ஆம்பளைகளோடு நின்றேன். உள்ளூர எனக்கு ஒரு மிதப்புதான். இத்தனை வெளிச்சத்துக்கு இரண்டே நாளில் ஜிவ்வென்று வளர்ந்திருக்கும் என்று நிச்சயமாக நம்பினேன். குலவைச் சத்தத்தோடு அம்மா பூட்டைத் திறந்தாள்.

குலவை பாதியிலேயே நின்றது.

பிறகு ஒவ்வொரு சட்டியாக வெளியே வந்தது. முளைகள் நான்கு விரற்கடை உயரம். கரும்பச்சை. தண்டு குண்டு குண்டாக, இலை அகல அகலமாக, பிடுங்கி நட்டால் காய்த்துவிடும் போலத் திடகாத்திரமாக நின்றன. பொன் நிறம் மருந்துக்கும் இல்லை. ஃபோகஸ் லைட்டுக்கு நேர் கீழே இருந்த சட்டி கருகிச் சுருண்டு, பொரித்த கறிவேப்பிலை போல வந்தது. அது பேச்சியம்மாக்காவின் சட்டி.

கடைசியாக, மூலையில் பெரிய அண்டாவுக்குப் பின்னால், வெளிச்சமே படாத இடத்திலிருந்து ஒரு சட்டி வந்தது. ஒரு முழ உயரம். பொன்னே பொன்.

அது அம்மாவின் சட்டி.

“ஓகோ” என்றாள் பேச்சியம்மாக்கா. “எஞ்சட்டியைக் கருக்கிப்புட்டு ஒஞ்சட்டியை மட்டும் தனியா ஒளிச்சு வச்சு வளத்தியாக்கும்? நல்லாருக்கே நாயம்!”

முற்றம் முழுக்க முணுமுணுப்பு. அம்மா நடுவில் நின்றாள். பத்து நாள் அரை வயிற்றில் இருந்த உடம்பு. அவள் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, 'எல்லாம் எம்மவன் செஞ்ச வேலை' என்று சொல்லியிருந்தால் போதும். அத்தனை பேரும் என் பக்கம் திரும்பியிருப்பார்கள், அவள் தப்பித்திருப்பாள். ஓடிப்போய் நானே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கால் நகரவில்லை. (அந்த வயது வீரம் கூரை மேல் ஏறுவதோடு சரி.)

அம்மா சொன்னாள்: “லைட்டு நாந்தாம் போடச் சொன்னேன். குளிருக்கு முளைக்காம போயிருமோன்னு பயந்துட்டேன். வெளிச்சம் ஒங்க எல்லாருக்கும் நல்லாக் கிடைக்கட்டும்னுதாம் எஞ்சட்டியைத் தூக்கி மூலையில வச்சேன். அண்டாவுக்கு இந்தப் பக்கம் நின்னே தண்ணி தெளிச்சதுல, அது வளந்ததை நானே இன்னைக்குத்தாம் பாக்கேன். அம்மன் மேல சத்தியமா வேற ஒண்ணும் நெனைக்கலை.”

சொல்லிவிட்டுத் தன் பொன் முளைப்பாரியைத் தூக்கிப் பேச்சியம்மாக்காவின் தலையில் வைத்தாள். கருகிய சட்டியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். பேச்சியம்மாக்கா சட்டிக்கு அடியில் இருந்த சும்மாட்டைச் சரிசெய்துகொண்டாள்.

கோமதி ஆச்சி அந்தப் பொன் சட்டியையும் பச்சைச் சட்டிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அண்டா இருந்த மூலைக்குப் போய் எட்டிப் பார்த்தார். அண்ணாந்து, நான் தொங்கவிட்ட ஒன்பது டியூப் லைட்டையும் பார்த்தார். கடைசியில் பெருமூச்சு விட்டார்.

“இதுல எம்மேலயும் தப்பு இருக்குட்டி. இருட்டுல வச்சாத்தாம் உசரமும் நெறமும் வரும். வைக்கோலைப் போட்டு மூடினா வெக்கையும் கிடைக்கும். இருவது வருசமா நான் யாருக்கும் சொல்லலை. சொல்லிட்டா எனக்கு என்ன மதிப்புன்னு இருந்துட்டேன். சரி, சரி, கெளம்புங்க. அம்மனுக்கு நேரமாவுது.”

ஊர்வலம் புறப்பட்டது. கோயிலைச் சுற்றிச் சிற்றாற்றங்கரைக்குப் போகிற வழியில் மேலத்தெரு முளைப்பாரியும் வந்து சேர்ந்துகொண்டது. அவர்களுடையது ஒவ்வொன்றும் ஒன்றரை முழம், தங்கக் குடை பிடித்த மாதிரி. எங்கள் தெருப் பெண்கள் தலையைக் குனிந்து நடக்கப் பார்த்தார்கள். சட்டி இருந்ததால் குனியவும் முடியவில்லை. நான் ஓரமாக, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு நடந்தேன்.

தெரு திரும்பி வயல்வெளிக்கு வந்ததும் குற்றாலத்து மலையிலிருந்து ஒரு காற்று அடித்தது பாருங்கள்! கூடவே சாரல். மேலத்தெருவின் உயரமான முளைகள் அத்தனையும் படுத்துவிட்டன. எதிரே பாதை தெரியாமல் பெண்கள் முகத்தில் விழுந்த முளைகளை முந்தானையோடு சேர்த்து ஒதுக்கினார்கள். பேச்சியம்மாக்காவின் தலையில் இருந்த அம்மாவின் பொன் முளைகளும் அதே கதிதான். எங்கள் தெருவின் மற்ற பச்சைச் சட்டிகளில் ஒரு முளைகூட அசையவில்லை. அசைவதற்கு உயரம் வேண்டுமே.

என்னால் அடக்க முடியவில்லை. துண்டை எடுத்துவிட்டு, “பாத்தீங்களா! நம்ம தெரு முளைப்பாரி எப்படி நிக்கு பாத்தீங்களா!” என்று கத்திவிட்டேன்.

கருகிய சட்டியைத் தலையில் சுமந்துகொண்டு அம்மா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவளைப் பார்த்துப் பேச்சியம்மாக்கா சிரித்தாள். ஆற்றங்கரை போய்ச் சேரும்வரை எங்கள் தெரு ஊர்வலத்தில் குலவையைவிடச் சிரிப்புச் சத்தம்தான் அதிகம் கேட்டது.

முளைப்பாரியை ஆற்றில் கரைத்த பிறகு, அம்மா சாவியை அவிழ்த்துக் கோமதி ஆச்சியிடம் நீட்டினாள். ஆச்சி வாங்கவில்லை.

“இத்தனை பொம்பளையளுக்கு நடுவுல மவனைக் காட்டிக் குடுக்காம நின்னே பாரு, அதுக்கே சாவி ஒங்கிட்ட இருக்கட்டும். பயிரு வளக்கத நான் சொல்லித் தாரேன்.” பிறகு என் பக்கம் ஊன்றுகோலை நீட்டினார். “இவன்கிட்ட இருந்து அந்த ஏணியை மட்டும் பிடுங்கிருங்க.”

அம்மா லைட் போடச் சொன்னதாகச் சொன்னதை ஆச்சி ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை.

அடுத்த வருஷம் அம்மன் கோயிலில் காப்பு கட்டியதும், ஆச்சி நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். பூசாரியிடம் கேட்டு வாங்கிவந்த மஞ்சள் கயிற்றை எங்கள் ஏணியின் முதல் படியில் கட்டினார். காப்பு கட்டிய பொருளை முளைப்பாரி எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது. அம்மா அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் முளைப்பாரி வளர்த்தாள். ஒரு வருஷமும் முழத்துக்குக் குறையவில்லை. அம்மாவுக்குப் பிறகு சாவி என் மனைவியிடம் வந்தது. ஆச்சி காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. ஏணிக்குக் காப்பு கட்டுவது மட்டும் நிற்கவில்லை. மர ஏணி போய் அலுமினிய ஏணி வந்தும் நிற்கவில்லை.

என் மகனுக்குச் சுந்தரபாண்டியபுரத்தில் பெண் எடுத்தோம். முதல் ஆடியில் அந்தப் பிள்ளை கேட்டது, “அத்தை, ஏணிக்கு எதுக்குக் காப்பு கட்டுதாக?” என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அது நம்ம குடும்பத்துல வழிவழியா வார வழக்கம்மா” என்றாள். அந்தப் பிள்ளை பயபக்தியோடு ஏணியை எட்ட நின்று கும்பிட்டது. ஒரு ஐதீகத்தையே உண்டாக்கிவிட்டுப் போகிறவர்கள் ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.

போன ஆடியில் ஒருநாள் சாயங்காலம், எங்கள் வீட்டுக் கூடமான பட்டாசாலையில் இருந்த விளக்கு போய்விட்டது. ஐம்பது வருஷத்துத் தொழிற்காரன், வீட்டில் புது விளக்கு தயாராக இருக்கிறது, எழுந்து ஏணிப் பக்கம் போனேன். “தாத்தா, காப்பு கட்டிருக்கு” என்றாள் பேத்தி. வந்து உட்கார்ந்துவிட்டேன். பின்னறையிலிருந்து தண்ணீர் தெளித்துவிட்டு வந்த மருமகள், “மாமா, இந்தத் தடவை நாலு நாளைக்கு முன்னாடியே ஒரு முழம் தாண்டிட்டு” என்றாள். நல்லது என்று சொல்லிவிட்டு, இருட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.